ரிப்பேரபிளா, ரெப்பரபிளா? அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, கடைக்குள்ள வெள்ளம் புகுந்து மோட்டார் போச்சு. இன்சூரன்ஸ் சர்வேயர் 'ரிப்பேரபிள்'னு எழுதிருக்காவ. ரிப்பேர்னு அவுகளே ஒத்துக்கிட்டா முழுப் பணமும் வருமா?

நம்ம ஊரில் 'மோட்டார் ரிப்பேர்' என்றால் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது சரிசெய்யும் வேலை. ஆகவே ரிப்பேரபிள் என்றால் 'சரிசெய்துவிடலாம்'. பொதுவாகச் சரிசெய்யும் செலவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பாலிசியை ஒருதரம் முழுசாகப் படித்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மகள் புத்தகத்தில் 'ரெப்பரபிள்' என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை, அதுவும் சரியான சொல்தான். மிக்சி, கதவு, சைக்கிள் என்று கையால் தொடுகிற பொருளுக்குப் பெரும்பாலும் ரிப்பேரபிள். நஷ்டம், மனஸ்தாபம் போன்றவற்றுக்கு ரெப்பரபிள். இதில் அழுத்தம் முதல் அசையில் விழும்.

மூலம் லத்தீன். 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல், 'ரே' என்றால் மறுபடி. பிரிப்பேர், அப்பரேட்டஸ், செபரேட் எல்லாம் அந்த 'பராரே' வழி வந்தவைதான். மோட்டார் வைண்டிங் கடையில் நின்று பாருங்கள். தீய்ந்த காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டைச் சுரண்டித் துடைத்து, காகிதம் சொருகி, புதுச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். லத்தீன்காரன் சொன்ன 'மறுபடி ஆயத்தம்' அச்சு அசலாக அதுதான். எனக்கு மிகவும் பிடித்த வேர்ச்சொல் இது.

தென்காசியிலிருந்து: பழைய ஆங்கிலக் கதையில் ஒருவர் 'அறைக்கு ரிப்பேர்' ஆகிறாரே?

அது வேறு சொல். தாய்நாட்டுக்குத் திரும்புவதைக் குறிக்கும் 'ரெபாட்ரியாரே' பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து இந்த வடிவுக்கு வந்தது. அறைக்குப் போனார், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

வள்ளியூரிலிருந்து: நிலத் தகராறில் வக்கீல் 'இர்ரெப்பரபிள் இஞ்சுரி' என்று மனு போட்டிருக்கிறார். யாருக்கும் காயம் இல்லையே, அண்ணாச்சி?

இங்கே இஞ்சுரி என்றால் உடல் காயம் இல்லை, பாதிப்பு. இடைக்காலத் தடை கேட்டால் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும்: வழக்கில் முகாந்திரம் உண்டா, தடை கொடுத்தால் அல்லது மறுத்தால் யாருக்குச் சிரமம் அதிகம், மூன்றாவது இந்த இர்ரெப்பரபிள். பிற்பாடு பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத பாதிப்பு என்று பொருள். எதிராளி விளைச்சலை அறுத்துக்கொண்டு போனால் அதற்கு விலை போட்டுவிடலாம். தாத்தா காலத்துப் பனைகளை வெட்டிச் சாய்த்துவிட்டால்? தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் அந்தப் பனை வராது. இப்படி உங்கள் நிலத்தில் என்ன இருக்கிறது என்பதை வக்கீலிடம் விவரமாகச் சொல்லுங்கள். மனுவுக்கு உயிர் கொடுப்பது அந்த விவரம்தான்.

பத்தமடையிலிருந்து: 'அன்ரிப்பேரபிள்' என்று எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், அகராதியில் உண்டு. பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டு மனுவில் இர்ரெப்பரபிள்தான்.