முள்ளோடைல பாத்தத அவன்கிட்ட எப்படி கேக்கறது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி எழுதறார். "என்கூட கொயர்ல பாடற ஃப்ரெண்டு மூணு மாசமா ஆராதனைக்கு சரியா வரல. போன வாரம் பாண்டிலேர்ந்து பஸ்ல வரும்போது முள்ளோடைல ஒயின்ஷாப் வாசல்ல அவன பாத்தேன். ரெண்டு தடவ கடன் வேற கேட்டான். வாலிபர் குரூப்ல ஜெபக்குறிப்பா போடலாமா, பாஸ்டர்கிட்ட சொல்லலாமா, இல்ல நமக்கெதுக்கு வம்புனு விட்டுடலாமா?"

பதில்: குரூப்ல மட்டும் போடாதீங்க தம்பி. பேர் சொல்லாம "ஒரு சகோதரனுக்காக ஜெபிங்க"னு போட்டாலும் பத்து நிமிஷத்துல யாருனு கண்டுபுடிச்சிடுவாங்க, நம்ம சபைங்கள்ல ஜெபக்குறிப்புன்ற பேர்ல ஓடற புறணி கொஞ்சமா நஞ்சமா. நானே ஒரு காலத்துல வீட்டு ஜெபக்கூட்டத்துல ஒருத்தரோட குடும்பக் கஷ்டத்த சத்தமா சொல்லி ஜெபிச்சிட்டு கண்ண தொறந்தா, அவரோட மச்சான் எதுக்கவே உக்காந்திருக்கார். அந்த மனுஷன் அப்பறம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசவே இல்ல.

கலாத்தியர் 6:1ல, குற்றத்துல அகப்பட்டவன சாந்தமுள்ள ஆவியோட "சீர்பொருந்தப்பண்ணுங்கள்"னு பவுல் எழுதறார் இல்லயா, கிரேக்கத்துல அங்க இருக்கற அதே சொல்லுதான் மத்தேயு 4:21ல யாக்கோபும் யோவானும் படகுல உக்காந்து வலைய பழுதுபாத்தாங்கன்ற எடத்துலயும் வருது. ஒரு நாள் தேவனாம்பட்டினம் கரைக்குப் போய் வலை பின்னறவங்களப் பாருங்க, கிழிஞ்ச எடத்த மடில போட்டுக்கிட்டு எந்தக் கண்ணி அறுந்திருக்குனு விரலாலயே தேடித்தேடி பொறுமையா பின்னுவாங்க, அவசரப்பட்டு இழுத்தா இன்னும் கொஞ்சம் கிழியும்னு அவங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இப்ப அந்த வேலதான்.

அதனால மொதல்ல அவனத் தேடிப் போங்க. கூட்டிட்டுப் போய் சில்வர் பீச்ல உக்காருங்க, "உன்னப் பாக்காம ஒரு மாதிரி இருக்குடா"னு சொல்லுங்க. கொயர்ல குரல் கொறையுதுனு மட்டும் ஆரம்பிக்காதீங்க, ஆளு வேணும்னு வரல, பாட்டுக்கு வந்திருக்கான்னு நெனச்சிப்பான்.

அப்பறம் அனுமதி கேளுங்க. மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1738ல சின்னச் சின்ன குழுக்களுக்கு விதிமுறை எழுதினப்ப, புதுசா சேர வர்றவங்ககிட்ட கேக்கச் சொன்ன கேள்விகள்ல ஒன்னு, உன் குற்றங்கள உனக்கு எடுத்துச் சொல்லணும்னு நீ விரும்பறியா அப்படின்றது. அவன் சரின்னு சொன்னப்பறம்தான் மத்ததெல்லாம். நம்ம ஆளுங்க இந்தக் கேள்விய விட்டுட்டு நேரா குற்றத்துக்குப் போயிடுவாங்க. உங்க ஃப்ரெண்டுகிட்டயும் "மனசுல ஒன்னு இருக்கு, கேக்கட்டுமா"னு கேட்டுட்டு, பாத்தத மட்டும் சொல்லுங்க, யூகிச்சத சொல்லாதீங்க. நீங்க பாத்தது வாசல்ல நின்னத மட்டும்தானே, யாருக்காகவோ காத்துட்டுகூட இருந்திருக்கலாம்.

நெஜமாவே குடிக்கறான்னா, வாராவாரம் போன் போட்டு "குடிச்சியா குடிச்சியா"னு கேக்கறது ஹாஸ்டல் வார்டன் வேல. எந்த நாள், எந்த நேரத்துல மனசு அங்க இழுக்குதுனு கேளுங்க, சம்பளத்தன்னிக்கு சாயங்காலம்னு சொன்னா அந்த சாயங்காலம் அவன்கூட இருங்க. உங்க பக்கத்துலேர்ந்தும் ஒரு கிழிசல அவன்கிட்ட காட்டுங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன்ல என்ன பாக்கறீங்கன்றதோ, அப்பாகிட்ட பேசாம இருக்கறதோ, எதுவோ ஒன்னு. யாக்கோபு 5:16 குற்றங்கள "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்லுது, ஒருத்தன் சொல்ல ஒருத்தன் கேட்டுட்டே இருக்கறது விசாரணை.

பணம் குடுக்காதீங்க. கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்த ஒருவர் சுமக்கச் சொல்லுது, மூணு வசனம் தள்ளி அவனவன் தன் பாரத்த சுமப்பான்னும் சொல்லுது, தமிழ்ல ரெண்டும் பாரம்தான், கிரேக்கத்துல வேற வேற சொல்லு. பசின்னா சாப்பாடு வாங்கித் தாங்க, கடன அவன் அடைக்கட்டும்.

ஒரு விஷயத்துல கவனம். தெனமும் நெறைய குடிக்கறவன் ஜெபம் பண்ணி ஒரே நாள்ல நிறுத்தினா கை நடுக்கம், வலிப்புனு உயிருக்கே ஆபத்தாகலாம், இது விசுவாசக் குறைவு இல்ல, உடம்போட வேல. அரசு ஆஸ்பத்திரிக்கோ பாண்டில இருக்கற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போங்க, கூட நீங்களே போங்க.

பாஸ்டர் விஷயம்: தப்பு பண்ண சகோதரன்கிட்ட பேசறதுக்கு மத்தேயு 18ல ஒரு வரிசை இருக்கு, மொதல்ல "நீயும் அவனும் தனித்திருக்கையில்", அவன் காது குடுத்துக் கேக்கலன்னாதான் இன்னும் ஒருத்தர் ரெண்டு பேர், அதுக்கப்பறம்தான் சபை. பாஸ்டர்கிட்ட போறதுன்னாலும் அவன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. ஆனா வீட்ல யாரயாவது அடிக்கறான், இல்ல சாகலாம் போலருக்குனு பேசறான்னா இந்த வரிசையெல்லாம் பாக்காதீங்க, தனியா விடாம உடனே பெரியவங்க யாரயாவது கூப்பிடுங்க, 14416க்கும் போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடயாது.

மொத தடவ "ஒன்னும் இல்லடா, போ"னு சொல்லிடுவான் பெரும்பாலும். அடுத்த வாரமும் போங்க. அன்னிக்கு அந்தக் கேள்விய எடுக்காதீங்க, டீ வாங்கிக் குடுத்துட்டு வாங்க.