லேபிள் இல்லாத பழைய பிளவுஸ், உள்ளாடைகளின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வெள்ளை பிளவுஸ், ஸ்லிப், டிராயர் என ஒரு மூட்டை கிடைத்தது, ஒன்றிலும் லேபிள் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். லேபிள் இல்லாததால் கவலை வேண்டாம். தையல்காரரிடமோ வீட்டிலோ தைத்தவற்றுக்கு லேபிள் இருந்திருக்காது. கழுத்தின் உட்புறம் சின்னச் செவ்வகமாக ஊசித் துளைகள் தெரிந்தால் மட்டும், லேபிளை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் செய்யக் கூடாதது, துவைப்பது. அடுத்தது, மாடலைப் பார்த்து முடிவு கட்டுவது. உடுப்பை உட்புறம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, தையல், மாட்டும் பொருள்கள் (கொக்கி, பட்டன், ஜிப்), நூல் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றில் எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதற்கு முன் அந்த உடுப்பைத் தைத்திருக்க முடியாது. 1900-இன் லேஸை வைத்து 1970-இலும் பிளவுஸ் தைக்கலாம். 1910-இல் தைத்ததில் நைலான் இருக்க வழியே இல்லை.

அந்தப் பொருள் முதலிலிருந்தே இருந்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஜிப்பின் இருபக்கமும் காலி ஊசித் துளைகள், ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகத் துருக்கறை என்றிருந்தால், முன்பு அங்கே பிரஸ் பட்டன் இருந்திருக்கிறது. ஜிப் பின்னால் வந்தது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெண்கள் உடுப்பில் ஜிப் பரவலானது 1930-களின் பிற்பாதியில்தான். உலோகப் பல் என்றால் பெரும்பாலும் 1960-களுக்குள். நைலான் சுருள் ஜிப் என்றால் 1960-களோ அதற்குப் பிறகோ.

தையல் ஓரம் இன்னும் நிறையச் சொல்லும். வெட்டு விளிம்பு வெளியே தெரியாமல் உள்ளே மடித்து இரண்டு முறை தைத்திருந்தால் அது பழைய முறை, ஆனால் கவனமாகத் தைப்பவர்கள் இன்றும் அப்படித் தைப்பார்கள் என்பதால் அது தேதி ஆகாது. கத்தரியால் பல் பல்லாக வெட்டிய ஓரம் 1930-களிலிருந்து 1950-கள் வரை அதிகம். நெய்த பருத்தித் துணியில் ஓவர்லாக் (வெட்டு விளிம்பைச் சுற்றி நூல் பின்னும் மெஷின் தையல்) இருந்தால் பெரும்பாலும் 1960-களுக்குப் பிறகு. பனியன் துணியில் இந்த விதி செல்லாது. ஓவர்லாக் மெஷின் 1880-களிலேயே வந்துவிட்டது, பின்னலாடைகளில் அது முதலிலிருந்தே உண்டு.

பலரும் தவறுவது வெள்ளை லேஸ் பிளவுஸில். உயரக் காலர், முதுகில் வரிசைப் பட்டன், இடுப்புக்கு மேல் தொங்கும் முன்பக்கம் எல்லாம் 1900-களின் முதல் சில ஆண்டுகளின் அடையாளம். 1970-களில் இதே தோற்றம் மறுபடி ஃபேஷனாக வந்தது. உள்ளே பாலியஸ்டர் கலந்த துணி, ஓவர்லாக், நைலான் ஜிப் என்று ஏதாவது தெரிந்தால் அது இரண்டாவது காலத்தைச் சேர்ந்தது. பழையதில் காலர் நிற்பதற்கு ‘திமிங்கில எலும்பு’ எனப்படும் மெல்லிய கீற்றோ கம்பியோ வைத்திருப்பார்கள், அல்லது அவை இருந்த சிறு உறைகளாவது மிஞ்சியிருக்கும்.

துணி எதுவென்று அறிய, தையலின் உட்புற ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை எடுங்கள். இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனை, மெல்லிய சாம்பல் என்றால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகும் வாசனை என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டால் நைலான் அல்லது பாலியஸ்டர். ரேயான் நனைந்தால் பலமிழக்கும், ஈர இழையை இழுத்தால் சட்டென்று அறுந்துவிடும். அசிட்டேட் என்ற செயற்கை இழை அசிட்டோனில் கரையும். நெருப்பைப் பட்டன் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த பட்டன் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நைலான் காலுறை அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1940 மே மாதம். 1942-இலிருந்து நைலான் இரண்டாம் உலகப் போரின் தேவைகளுக்குப் போய்விட்டது. ஆகவே நைலான் ஸ்லிப் என்றால் அநேகமாக 1945-க்குப் பிறகு. பிரிட்டனில் டெரிலின் (பாலியஸ்டரின் வணிகப் பெயர்) பெரிய அளவில் உற்பத்தியானது 1955-இலிருந்து. புற ஊதா விளக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 1950-களிலிருந்து சலவைத்தூளில், துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிரூட்டிகள் பரவலாகச் சேர்ந்தன. 1890-இன் டிராயரையும் அதில் ஒருமுறை துவைத்திருந்தால் நீலமாக ஒளிரும்.

டிராயரின் இரு கால்களும் இடுப்புப் பட்டையில் மட்டும் சேர்ந்து நடுவில் திறந்திருந்தால், விக்டோரியா காலத்திலிருந்து 1910-கள் வரை என்று கொள்ளலாம். ரப்பர் இழை மேல் நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ் வந்தது 1931-இல். ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய அந்தத் தோட்டங்களின் ரப்பர் பிரிட்டனுக்கு நின்றுபோனது. போர்க்கால உள்ளாடைகளில் எலாஸ்டிக்குக்குப் பதில் நாடாவும் பக்கப் பட்டனும் திரும்ப வந்தது இதனால்தான். 1920-களின் பட்டு உள்ளாடைகளிலும் பக்கப் பட்டன் உண்டு, அதனால் துணியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ‘சி’ எழுத்தும் 41-ம் சேர்ந்த, பிரிட்டன் அரசின் சிக்கன உடுப்புத் திட்ட முத்திரை மங்கலாகத் தெரிந்தால் 1941–1952.

தேவையே இல்லாத இடத்தில் சாய்வாக ஒரு மூட்டுத் தையல் ஓடும் வெள்ளைப் பட்டோ நைலானோ இருந்தால் நின்று பாருங்கள். பாராசூட்டின் முக்கோணத் துண்டுகளிலிருந்து வெட்டியதாக இருக்கலாம். போர் முடிந்ததும் அவற்றை ரேஷன் கூப்பன் இல்லாமல் விற்றார்கள். துணி ரேஷன் 1949 மார்ச்சில் முடிந்தது. பிராவின் கிண்ணத்தில் வட்ட வட்டமாகத் தையல் சுற்றியிருந்தால் அநேகமாக 1950-கள்.

கடைசியாக, இடுப்புப் பட்டையின் உட்புறத்தையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகவோ சலவை மையிலோ பெயரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கலாம். ‘6’ என்றால் அந்த உருப்படியின் எண். அதற்கும் கீழே சில உடுப்புகளில் ஆண்டையே தைத்து வைத்திருப்பார்கள்.