முத்திரை குத்தினால் வேலை போகுமா?

கேள்வி: உணவு பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்று பெரிதாக எச்சரிக்கை போடச் சொல்லும் சட்டங்களை ஆதரித்துத் தொடர்ந்து எழுதுகிறீர்கள். அதைப் பார்த்து மக்கள் வாங்குவதைக் குறைத்தால் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைக்கும். வாங்குவது குறையாவிட்டால் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: மடக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று யார் விதித்தது? ஒரு பொருளின் விற்பனை விழுவதும் ஒரு தொழிலே விழுவதும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால்தான் உங்கள் கேள்வி நிற்கும். எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவைத் திரும்ப வைக்கிறவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்தில் எச்சரிக்கை இல்லாமல் இருக்கும் டப்பாவை எடுக்கிறார், பல நேரம் அதைச் செய்வதும் அதே நிறுவனம்தான், அதையும் யாரோ கலக்கி, அடைத்து, லாரியில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஊகம் என்று ஒதுக்க வேண்டாம், சிலி நாட்டைப் பாருங்கள். அங்கே சட்டம் 2012இல் நிறைவேறி, 2016 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி, இவற்றில் எது எல்லை தாண்டினாலும் பாக்கெட்டின் முகத்திலேயே ஒரு கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை. நான்கும் தாண்டினால் நான்கு. அப்படிப்பட்ட பொருட்களைப் பள்ளிக்கூடத்தில் விற்கக் கூடாது, 14 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்பதும் சேர்த்து. இதற்குப் பிறகு முத்திரை விழுந்த பானங்களைக் குடும்பங்கள் வாங்கிய அளவு, சட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று கணித்ததைவிட ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. ஆக, பயன் இருக்கிறது. அதே சமயம் முத்திரை இல்லாத பானங்களை வாங்குவது கூடியது.

சரி, வேலை? முத்திரைக்கு ஆளாகும் உணவுத் துறைகளையும் அதனால் பாதிக்கப்படாத மற்ற துறைகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மொத்த வேலைவாய்ப்பிலும் சரி, விலைவாசியைக் கழித்த உண்மைக் கூலியிலும் சரி, சட்டத்தால் வந்த சரிவு என்று எதுவும் தென்படவில்லை. பெருவில் 2018இல் இனிப்புப் பானங்கள் மீதான வரியை ஏற்றினார்கள், 2019இல் எண்கோணத்தையும் கொண்டுவந்தார்கள்; இரண்டையும் வைத்துப் பார்த்த ஆய்விலும் இதே கதைதான். சிலியில் வேலை போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒரே ஆசாமி, சர்க்கரை பூசிய ஒரு பிரபல தானிய டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்த கார்ட்டூன் புலி. குழந்தைகளை இழுக்கிற படம் கூடாது என்றதும் அதை எடுத்துவிட்டார்கள்.

ஏன் இடி விழவில்லை என்றால், நிறுவனங்கள் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அப்பாவிகள் இல்லை. சிலி ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்கவில்லை. 100 கிராம் திட உணவில் சர்க்கரைக்கான எல்லை முதலில் 22.5 கிராம், 2018இல் 15, 2019இல் 10 என்று படிப்படியாக இறக்கியது. சட்டம் நிறைவேறியதிலிருந்து முதல் எல்லை அமலாகும்வரை நான்கு ஆண்டுகள் வேறு. அந்த அவகாசத்தில் பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றி எல்லைக்குக் கீழே வந்துவிட்டன. சட்டத்துக்கு முன்பும் பின்பும் கடைகளில் எடுத்த கணக்கில், ஏதாவது ஒரு முத்திரைக்காவது உரிய பொருட்களின் பங்கு 51 சதவீதத்திலிருந்து 44 ஆகியிருந்தது. இது முதல் கட்டத்திலேயே. வாங்குபவர் பழக்கத்தை மாற்றாமலே அவர் வாங்கும் பொருள் மாறிவிடுகிறது, தொழிற்சாலையும் ஓடுகிறது. உங்கள் 'இரண்டில் ஒன்று' இடம் கொடுக்காத மூன்றாவது வழி இதுதான். அச்சுச் செலவு, புது டிசைன் செலவு என்பதெல்லாம் உண்டு, ஆனால் சலுகை அறிவிப்புக்கும் போட்டிப் பரிசுக்கும் பாக்கெட்டை அடிக்கடி மாற்றுகிறவர்கள் ஒரு எண்கோணத்துக்கு மட்டும் அழுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. அப்புறம் இன்னொன்று, ஆட்களைக் குறைக்க நிறுவனங்களுக்கு எச்சரிக்கை முத்திரை தேவைப்பட்டதே இல்லை. ஒரு புது இயந்திரம் போதும், அது வரும்போது யாரும் தொழிலாளிக்காகக் கண்ணீர் விட்டு அறிக்கை விடுவதில்லை.

இந்தச் சட்டங்களைக் குறை சொல்லவே கூடாது என்கிறேனா? இல்லை. மேலே சொன்ன ஆய்வுகள் காட்டுவது ஒட்டுமொத்தக் கணக்கு. எங்கோ ஒரு ஆலையில் ஒரு ஷிஃப்ட் நின்றிருக்கலாம், சராசரியில் அது தெரியாது. செய்முறையை மாற்றுகிறேன் பேர்வழி என்று சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்பூட்டியைக் கொட்டுவதும் சிலியில் நடந்தது. மெக்சிகோ அதைக் கவனித்துத்தான், 2020இல் அமலான தன் விதியில், இனிப்பூட்டி இருந்தால் அதையும் எழுது, குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்றும் எழுது என்று சேர்த்துவிட்டது.

உண்மையாகவே அடி வாங்கக்கூடியவர் சிறு தயாரிப்பாளர். பெரிய நிறுவனத்துக்கு ஆய்வகம் இருக்கிறது, உப்பைக் குறைத்தும் ருசியைக் காப்பாற்றத் தெரிந்த நிபுணர்கள் இருக்கிறார்கள், ஒரு பொருள் போனால் தாங்க இன்னும் நூறு பொருள் இருக்கிறது. ஒரே ஒரு பொருளைச் செய்து விற்கிறவருக்குப் பரிசோதனைக் கட்டணமே பாரம். அவருக்குக் கூடுதல் அவகாசமும் பரிசோதனைச் செலவில் உதவியும் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சட்டமே வேண்டாம் என்று பெரிய நிறுவனங்கள் எழுதுகிற மனுவில் மட்டும் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள்.