சொப்ட்போல் கெச்சருக்கு பன்ட் பந்தை எடுத்து அவுட் செய்யப் பழக்குவது எப்படி?

கேட்டிருப்பவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விளையாட்டு ஆசிரியை. அவருடைய கெச்சர் பிள்ளைக்கு, அதாவது அடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவளுக்கு, நல்ல கை, எறிந்தால் இரண்டாம் பேஸ் வரை பந்து நேராகப் போகிறதாம். ஆனால் எதிரணி பன்ட் வைத்துவிட்டால், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிப் பக்கத்திலேயே உருளவிட்டால், எல்லாம் குழம்பிப்போகிறது. பந்தை எடுப்பதற்குள் ஓடுகிறவள் பேஸை மிதித்துவிடுகிறாள், இல்லாவிட்டால் எறிந்த பந்து எங்கோ போய் விழுகிறது. என்ன பயிற்சி கொடுப்பது, மாஸ்க்கைக் கழற்றச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

டீச்சர், இரண்டாம் பேஸ் வரை நேராக எறிகிறவளுக்கு முதல் பேஸ் ஒரு தூரமே இல்லை. அடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் ஏறத்தாழ 26 மீட்டர். முதல் பேஸ் 60 அடி, அதாவது 18.29 மீட்டர்தான். அதனால் கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். பண்டாரவளைப் பக்கம் பிள்ளைகளுக்குப் பழக்கிய காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, பந்தை நோக்கி ஓடும் அந்த நாலைந்து எட்டிலேயே அவுட் கைக்கு வருவதும் போவதும் முடிவாகிவிடுகிறது.

உங்கள் பிள்ளை வலக்கையால் எறிகிறவள் என்று வைத்துக்கொள்கிறேன். பன்ட் உருண்டதும் எல்லாப் பிள்ளைகளும் பந்தை நோக்கி நேராகப் பாய்வார்கள். பார்க்க வேகமாகத்தான் இருக்கும். ஆனால் குனிந்து எடுக்கும்போது நெஞ்சு பந்து போடும் பிட்சரைப் பார்த்திருக்கும், முதல் பேஸ் வலப்பக்கம் கிடக்கும். அங்கிருந்து சரியாக எறிய வேண்டுமென்றால் காலை மாற்றி, உடம்பைத் திருப்பி, இடது தோளை முதல் பேஸுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளை அதைச் செய்யாது. உடம்பு அப்படியே நிற்க, கையை மட்டும் குறுக்கே வீசும். பந்து வளைந்துகொண்டு வெளியே ஓடும். நீங்கள் சொன்ன எறி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓடும்போதே திரும்பிவிட வேண்டும். பந்தின் இடப்பக்கமாக, அதாவது மூன்றாம் பேஸ் பக்கமாக, லேசாக வளைந்து போகச் சொல்லுங்கள். வந்து நிற்கும்போது பந்து இரண்டு காலுக்கும் நடுவில் இருக்க வேண்டும், இடது தோள் முதல் பேஸைப் பார்க்க வேண்டும். அப்படி நின்று எடுத்தால் நிமிரும்போதே எறியலாம், இடது காலை ஓர் எட்டு வைத்தால் போதும். சுற்றிப் போவதால் நேரம் வீணாகுமே என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். ஸ்டொப்வோச்சைப் பிடித்து இரண்டு விதமாகவும் செய்யவிடுங்கள், வாதம் அதோடு முடியும்.

இதைப் பழக்க மட்டையும் வேண்டாம், பிட்சரும் வேண்டாம். ஹோம் பிளேட்டுக்கு முன்னால் நான்கு மீட்டரில் ஒரு பந்தை அசையாமல் வையுங்கள். கெச்சர் நேராக ஓடிவரும் வழியில் ஒரு பழைய ரப்பர் செருப்பைப் போடுங்கள். செருப்பை இடப்பக்கமாகச் சுற்றித்தான் பந்துக்குப் போக வேண்டும். முதலில் எறியவே விடாதீர்கள். எடுத்து, எறியும் நிலைக்கு வந்து, அப்படியே உறைந்து நிற்கட்டும். நீங்கள் முதல் பேஸில் நின்று பாருங்கள். அவளுடைய இடது தோள் உங்களுக்கு நேராக இருந்தால் சரி. நெஞ்சு தெரிந்தால் இன்னும் திரும்பவில்லை. இது ஊறியபிறகு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பந்தை அவளுக்குத் தெரியாமல் முன்னால் உருட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதபோதும் கால் தானாக வளைந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் முதல் பேஸ் கோட்டை ஒட்டி உருளும் பந்து. இதில் எறியும் வழியிலேயே ஓடுகிறவளின் முதுகு இருக்கும். கடைசிப் பாதித் தூரத்தில் கோட்டுக்கு வெளியே மூன்றடி அகல ஓடுபாதை உண்டு. அதை விட்டு விலகி ஓடி, பந்தைப் பிடிப்பவளுக்கு இடையூறு செய்தால் ஓடுகிறவள் அவுட். விதி நம் பக்கம்தான், ஆனால் நடுவர் கை தூக்குவார் என்று நம்பி முதுகைப் பார்த்து எறியக் கூடாது. பந்தை எடுத்ததும் மைதானத்தின் உள்பக்கமாக ஓர் எட்டு வைத்து, “உள்ளே!” என்று கத்திவிட்டு எறிய வேண்டும். முதல் பேஸைக் காக்க வந்தவள் அந்தச் சத்தத்துக்கு உள்பக்கமாகக் கிளவுஸை நீட்ட வேண்டும். இரட்டை பேஸ் போட்டு ஆடும் இடங்களில் ஓடுகிறவளுக்கு ஆரஞ்சு, காவலுக்கு வெள்ளை என்பதால் இடிபடுவது குறையும்.

நம் பிள்ளைகளிடம் இந்த இடத்தில் இன்னொரு பழக்கமும் குறுக்கே வரும். சித்திரைப் புத்தாண்டுக்கு, மட்டையால் பந்தடித்து ஓடும் நம் ஊர் எல்லே ஆடி வளர்ந்தவர்கள் அல்லவா? எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். அதனால் பந்து கைக்கு வந்ததும் கண் தன்னால் ஓடுகிறவளைத் தேடுகிறது, கண் போன இடத்துக்கே பந்தும் போகிறது. சொப்ட்போலில் அப்படிப் பட்டால் பந்து எங்கோ தெறித்து ஓடும், அவள் இரண்டாம் பேஸுக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே பயிற்சியில் கட்டாயம் ஒருத்தியை ஓடவிட்டுப் பழக்குங்கள். ஆள் ஓடாமல் எறிந்து பழகியவள் போட்டி நாளன்று பழையபடி முதுகைத்தான் பார்ப்பாள்.

மூன்றாம் பேஸ் கோட்டுப் பக்கம் போகும் பந்துதான் ஆகச் சிரமம். அங்கே வளைந்து போக நேரம் இருக்காது. முதுகு பிட்சர் பக்கம் இருக்கும்படி பந்தின் மேல் வந்து நின்று, எடுத்தவுடன் இடப்பக்கமாகச் சுழன்று எறிய வேண்டும். சுழலும்போது ஒரு கணம் முதல் பேஸ் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பயந்து பிள்ளைகள் வலப்பக்கமாகத் திரும்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். மூன்றாம் பேஸ்காரி முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தால் பந்தை அவளுக்கே விட்டுவிடலாம். அவள் ஓடிவரும் திசையிலேயே பந்தும் முதல் பேஸும் தெரியும்.

எடுக்கும் விதத்துக்கு வருகிறேன். உருண்டுகொண்டிருக்கும் பந்தை ஒற்றைக் கையால் பொறுக்கக் கூடாது. சீமெந்துத் தரையில் கொட்டிய அரிசியைச் சுளகில் அள்ளுவது போல, கிளவுஸைப் பந்துக்கு முன்னால் தரையோடு வைத்து, வெறுங்கையால் பந்தை அதற்குள் தள்ள வேண்டும். பந்து முழுக்க நின்றுவிட்டால் மட்டும் வெறுங்கை. அதிலும் விரல் நுனியால் கிள்ளி எடுக்காமல், மேலிருந்து தரையில் அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். சின்னக் கைக்கு இரண்டு விரல் பிடி போதாது, மூன்று விரலை மேலே வைக்கட்டும்.

இனி நம் மைதானங்கள். தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் மாதிரி சமதரை நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது? மலையை வெட்டிச் சமப்படுத்திய கிரவுண்டில் ஒரு பக்கம் எப்போதும் சரிவுதான். இதைக் குறையாக நினைக்காதீர்கள், வீட்டு மைதானத்தில் அது உங்கள் கெச்சருக்குச் சொத்து. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கோட்டிலும் பந்தை மெல்ல உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பன்ட் பந்து முதல் அல்லது மூன்றாம் பேஸைத் தாண்டாதவரை, அது எங்கே நிற்கிறது, எங்கே முதலில் தொடப்படுகிறது என்பதை வைத்துத்தான் ஃபவுலா, அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்தா, இல்லையா என்று முடிவாகும். ஓடுகிறவள் எப்படியும் பேஸுக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தால், வெளிப்பக்கம் சரியும் பந்தை விட்டுப் பிடிக்கலாம். கோட்டை முழுதாகத் தாண்டிய மறுநொடியே கையை வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கல்லில் பட்டு உள்ளே திரும்பிவிடும். அதுவரை பக்கத்தில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை வேண்டும். அடிப்பவளுக்கு எதிராக ஏற்கனவே இரண்டு ஸ்ட்ரைக் எண்ணப்பட்டிருந்தால் பன்ட் ஃபவுலானாலே அடித்தவள் அவுட் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் புல்லில் பந்து வழுக்கும், சேற்றில் அப்படியே செத்து நிற்கும். அந்த நாட்களில் இன்னும் ஓர் எட்டு அதிகம் ஓட வேண்டியிருக்கும். இடுப்பில் ஒரு துணித்துண்டு கட்டாயம். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் எதிரணி பன்ட் வைக்கும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அடுத்தது சத்தம். முழு மைதானத்தையும் முன்னால் பார்த்து நிற்பவள் கெச்சர் ஒருத்திதான். பந்தை வேறொருத்தி எடுத்தாலும் “ஒண்ணு!” “ரெண்டு!” என்று எந்த பேஸுக்கு எறிவது என்று கத்த வேண்டியவள் அவளே. முதல் பேஸில் ஆள் இருக்கும்போது, பன்ட் பலமாகப் பட்டு நேராகக் கைக்கு வந்தால் மட்டும் இரண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. கிடைக்கிற அவுட்டை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறவளைத் துரத்தினால் இரண்டு பேரும் தப்பிப்பார்கள், பாடசாலை மட்டத்தில் ஓட்டங்கள் கொத்தாகப் போவது இப்படித்தான். குரல் வெளியே வராத பிள்ளைகள் நம்மிடம் நிறைய. பந்தே இல்லாமல் கத்துவதை மட்டும் தனியாகப் பழக்குங்கள், சிரித்துச் சிரித்துச் சரியாகிவிடும்.

ஒன்றை நிறைய அணிகள் மறந்துவிடுகின்றன. பன்டுக்காக மூன்றாம் பேஸ்காரி முன்னால் ஓடிவந்தால் அந்த பேஸ் காலி. இரண்டாம் பேஸுக்கு வந்தவள் நிற்காமல் அங்கே ஓடுவாள். பந்தை எடுத்தது கெச்சர் இல்லையென்றால், மூன்றாம் பேஸுக்கு ஓட வேண்டியது கெச்சர், ஹோம் பிளேட்டுக்கு வர வேண்டியது பிட்சர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப்பை மூன்றாம் பேஸுக்கு அனுப்புகிற அணிகளும் உண்டு. எதுவானாலும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாஸ்க் விஷயம்: தரையில் உருளும் பன்டுக்குக் கழற்ற வேண்டாம். பார்வையை மறைக்காதபடி வாரை இறுக்கிக் கட்டினால் போதும். பன்ட் மேலே எழும்பினால் மட்டும், முதலில் பந்து எங்கே என்று பார்த்துவிட்டு, பிறகு கழற்றிப் பந்து விழாத பக்கமாகத் தூர எறியட்டும். காலடியில் போட்டால் அதிலேயே தடுக்கி விழுவாள்.