முகப்புப் பக்கத்தில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் உழைத்ததைப் பற்றி நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். விவிலியத்தை மொழிபெயர்த்த மிஷனரிகள் உலகின் பல சிறு மொழிகளைக் காப்பாற்றினார்கள் என்றார் அவர். அது மதமாற்றக் கருவி மட்டுமே, அம்மொழிகளை அழித்தவர்களே அவர்கள்தான் என்றேன் நான். தங்கள் கருத்து என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் வாதத்திலும் நண்பரின் வாதத்திலும் செயல்படுகிறவர் மிஷனரி மட்டுமே. மொழிக்கு உரியவர்கள் காப்பாற்றப்படுகிறார்கள் அல்லது அழிக்கப்படுகிறார்கள். அவர்களாக எதையும் செய்வதில்லை. என் மறுப்பு இந்த இடத்தில்தான்.

வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களும் அவர்களின் அண்டையினரும் பேசிய மொழியில் 1663இல் முழு விவிலியம் அச்சானது. அங்கிருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அச்சான முதல் விவிலியமே அதுதான். முகப்புப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பது பியூரிட்டன் போதகர் ஜான் எலியட்டின் பெயர் மட்டும். ஆனால் அவருக்கு அம்மொழியைக் கற்பிக்கத் தொடங்கியவர், பீக்வாட் பூர்வகுடிகளுடன் ஆங்கிலேயர் நடத்திய 1637ஆம் ஆண்டுப் போரில் பிடிபட்டு ஒரு வெள்ளையர் வீட்டில் வேலையாளாக இருந்த காக்கனோ. மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் ஜாப் நெசுடன். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊரிலிருந்த அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர்களுள் ஒருவர் நிப்மக் இனத்து இளைஞர். அத்தொழிலாலேயே அவருக்கு ஜேம்ஸ் பிரிண்டர் என்று பெயராயிற்று.

எலியட்டின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மதம் மாறியவர்களுக்கென அவர் அமைத்த ஊர்களில் தலைமுடியின் நீளத்துக்குக்கூட விதி இருந்தது என்பதையும், 1675இல் பூர்வகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டபோது அந்தக் கிறிஸ்தவர்களையே ஆங்கிலேய அரசு பாஸ்டன் துறைமுகத்தின் டீர் தீவில் அடைத்துவைத்ததையும், பசியாலும் குளிராலும் அங்கே பலர் மாண்டதையும் மறந்துவிட்டு அந்த நூலைப் புகழ என்னால் இயலாது. அச்சிட்ட பிரதிகளிலும் பெரும்பகுதி அப்போரில் அழிந்தது. நெசுடன் ஆங்கிலேயர் பக்கம் நின்று உயிரிழந்தார். பிரிண்டர் சிறிது காலம் எதிர்த்தரப்பில் இருந்தார். பொதுமன்னிப்பின் கீழ் திரும்பிவந்து, 1685இல் வெளியான இரண்டாம் பதிப்புக்கு மீண்டும் எழுத்துக் கோத்தார். அச்சுத்தாள்களைப் பொருளறிந்து திருத்தக்கூடியவர் அவர் ஒருவரே என்று எலியட்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

எழுதப் படிக்கக் கற்ற அம்மக்கள் அந்த எழுத்தை வேதத்தோடு நிறுத்திவிடவில்லை. தம் மொழியில் உயில் எழுதினார்கள். நிலப்பத்திரங்களும் மனுக்களும் எழுதினார்கள். விவிலியப் பிரதிகளின் ஓரங்களில் சொந்தக் குறிப்புகளும் எழுதிவைத்தார்கள். பின்னர் நிலமிழப்பும் நோயும் ஆங்கிலத்தின் ஆதிக்கமும் சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் அம்மொழியைப் பேசுவோர் இல்லாமல் செய்தன. 1990களில் வாம்பனோக் பெண்ணான ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் அதை மீட்கத் தொடங்கி, அதற்காகவே மாசசூசெட்ஸின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தார். அவருக்கு ஆதாரமாயிருந்தவை அந்த விவிலியமும் தம் முன்னோரின் பத்திரங்களும்தான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த முதல் குழந்தை அவருடைய மகள். அம்மொழியைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால் நான் பேர்டின் பெயரையும் பிரிண்டரின் பெயரையும் முதலில் சொல்வேன்.

நாவலரை இந்த வரிசையில் அப்படியே வைக்க முடியாது. தமிழுக்கு எழுத்தைக் கொண்டுவர எவரும் தேவைப்படவில்லை; பேர்சிவல்தான் தமிழ் கற்றவர்களைத் தேடிப்போக வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான வேறுபாடு அச்சுக்கூடம் யார் கையில் இருந்தது என்பது. பிரிண்டர் வேலை செய்த கூடம் கடைசிவரை ஆங்கிலேயருடையது. அவர் தம் மக்களுக்காக எதையும் தாமே தேர்ந்து அச்சிட வழியில்லை. நாவலரோ மிஷனை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவி, மிஷனரிகளுக்கு மறுப்பையும் சைவ நூல்களையும் அங்கிருந்தே வெளியிட்டார்.