வகுப்பில் சேர்த்தும் அம்மா நின்றுவிடுகிறார்: என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்த பிறகு, போன வருடம் எங்களோடு மதுரை ஆனையூருக்கு வந்துவிட்டார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டு வலி உண்டு. ஊரில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், இங்கே நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பூங்காவில் காலை யோகா வகுப்பில் சேர்த்தோம். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். கோயிலில் நடக்கும் திருவாசக வகுப்பிலும் நிலைக்கவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், மறதி நோயோ என்று பயமாக இருக்கிறது. வேறு எந்த வகுப்பில் சேர்க்கலாம்? சேவைப் பணி ஏதாவது செய்தால் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: அடுத்த வகுப்பைத் தேடும் வேலையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டும் ஏன் நிலைக்கவில்லை என்று தெரியாமல் மூன்றாவதில் சேர்த்தால், அதுவும் இரண்டு வாரம்தான். வயதானவர்கள் எதிலிருந்தாவது விலகும்போது ‘பிடிக்கலைப்பா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் பல நேரம் காது, சிறுநீர், முழங்கால், பாதம் என உடம்பில் ஏதோ ஒரு தொந்தரவு இருக்கும். மகனிடம் அதைச் சொல்லக் கூச்சப்படுவார். உங்கள் மனைவியோ சகோதரியோ தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். ‘ஏன் போகலை?’ என்று கேட்டால் பதில் வராது. ‘அங்கே பேசுறது காதுல விழுந்துச்சா? பாத்ரூம் பக்கத்துல இருந்துச்சா? கீழே உட்கார்ந்து எந்திரிக்க முடிஞ்சுச்சா? தலை சுத்துச்சா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

முதலில் காது. சொன்னதையே திரும்பக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரே நின்று முகம் பார்த்துச் சொன்னதைச் சரியாகச் செய்துவிட்டு, பின்னாலிருந்தோ அடுத்த அறையிலிருந்தோ சொன்னதை மட்டும் திரும்பக் கேட்டால், காதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயதாகும்போது மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். ‘ச’, ‘த’, ‘க’ எல்லாம் ஒன்றுபோல் விழும். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது புரியாது. கோயில் மண்டபத்தில் எதிரொலியோடு ஒலிபெருக்கியில் பாடம் நடந்தால் இவருக்கு ஒரு வரி கூடப் பிடிபட்டிருக்காது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுக்கு அடைத்திருந்தால் அன்றே சரியாகும். கொண்டை ஊசி, சூடான எண்ணெய் எதுவும் வேண்டாம். அடைப்பு இல்லையென்றால் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்து, தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி பொருத்த வேண்டும். கருவி வாங்கிய முதல் நாளே கூட்டத்துக்குள் அனுப்பினால் இரைச்சல் தாங்காமல் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். முதல் வாரம் வீட்டில் அமைதியான நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் ஒன்று, ஒன்றரை மாதத்தில் பழகும்.

மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகிய ஆறும் அதில் உண்டு. கருவியையும் கண்ணாடியையும் வீண் செலவென்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது சிறுநீர். பெண்கள் வெளியே போவதை நிறுத்துவதற்கு இது ஒரு பெரிய காரணம், அதிகம் பேசப்படாத காரணமும்கூட. அவசரமாக வருகிறதா, இருமினால், தும்மினால் கசிகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளையும் பாருங்கள். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. சிறுநீர் அதிகம் போகும், சிலருக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வேளையை மாற்றலாமா, மருந்தையே மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கசிவுக்கு எளிய பயிற்சி உண்டு. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி 5 விநாடி வைத்திருந்து, 5 விநாடி தளர்த்த வேண்டும். இப்படி 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் தவறு. பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம், அதற்குள் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னொரு தவறு. சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும். மதுரை வெயிலில் தலைசுற்றி விழவும் வைக்கும்.

முழங்காலுக்கு ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு, விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். அப்படியானால் இதே எழுந்து உட்காருவதையே பயிற்சியாக்கிவிடுங்கள். காலையும் மாலையும் 5 முறை, இரண்டு வாரம் கழித்து 8, பிறகு 10. சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து 10 விநாடி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

யோகாவைப் பொறுத்தவரை, முழங்கால் தேய்ந்தவரைத் தரையில் சம்மணமிடச் சொல்லும் வகுப்பு இவருக்கானது இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சி சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்தால் சேரலாம். ரத்த அழுத்தம் இருப்பதால் சிரசாசனம், சர்வாங்காசனம், கபாலபாதி மூன்றும் வேண்டாம்.

விடியற்காலை வகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் உடம்பை வருத்தினால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் வரும். அதை அனுபவித்தவர் ‘அங்கே போனா என்னமோ பண்ணுது’ என்று சொல்லி நின்றுவிடுவார். மாத்திரை சாப்பாட்டோடுதான், பயிற்சி அதற்கப்புறம்தான். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

கோயிலுக்குப் போனால் பாதம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு உள்ளங்கால் மரத்துப்போயிருக்கலாம். சித்திரை வெயிலில் கல்தரையில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் வீடு திரும்புவார்கள். காலை 8 மணிக்கு முன்போ, இருட்டிய பிறகோ போகட்டும். வந்ததும் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு வரை நீங்களே பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் மனதை மறந்துவிடக் கூடாது. கணவரையும் ஊரையும் ஒரே ஆண்டில் இழந்திருக்கிறார். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமே இல்லாமல் இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் மருத்துவரைப் பாருங்கள். முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் மறதி போலவே காட்டும், சிகிச்சையில் குணமாகும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையலாம். ‘நான் போய்ச் சேர்ந்துட்டா நல்லது’ என்கிற பேச்சைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இனி எங்கே அனுப்புவது என்பதற்கு வருகிறேன். உங்கள் அம்மா அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு எழுதியவர். குழந்தைகளுக்கு உணவு போட்டவர், ஊர் முழுக்கப் பேர் தெரிந்தவர். அவரை மறுபடி மாணவியாக உட்காரவைப்பதைவிட, அவர் வராவிட்டால் நான்கு பேர் தேடுகிற ஓர் இடத்தில் சேர்ப்பதே என் தேர்வு. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு உண்டு. லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. முதலில் பேரப்பிள்ளைகளோடு போய் அவர்களுக்குக் கதை சொல்லட்டும். அங்கோ உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ மற்றப் பிள்ளைகளுக்கும் கதை சொல்ல இடம் தருவார்களா என்று நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன்னார்வலர்கள் கற்றுக்கொடுக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இன்னொரு வழி. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். தெருவில் மகளிர் சுயஉதவிக் குழு இருந்தால் பதிவேடு எழுத இவரைப் போன்றவர் வரம். ஆனால் பணப் பொறுப்பை ஏற்க வேண்டாம். கையெழுத்துப் போடும் பதவியும் வேண்டாம்.

சேவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்றால், அளவில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. ஆண்டுக்கு 100 மணி நேரமும் அதற்கு மேலும் தொண்டு செய்தவர்களிடம் இறப்பும் உடல் இயலாமையும் குறைவாக இருந்தன. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் தொண்டுக்கும் வருவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும் 100 மணி என்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். முதல் மாதம் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும்.

கெடுவது இங்கேதான். நன்றாகச் செய்கிறார் என்று தெரிந்ததும் எல்லா வேலையும் அவர் தலையில் விழும். அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போனவர், மூன்றாம் வாரம் நான்கு மணி நேரம் நின்று பரிமாறிக்கொண்டிருப்பார். அண்டா தூக்குவதில்லை, நின்று செய்யும் வேலை இல்லை, மதியம் 12க்கு மேல் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியபோது டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு வயது 58, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும், தன் கைக்கு ஏற்ற கருவிகளை வைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை செய்தார். உங்கள் அம்மாவுக்கும் வேலையை உடம்புக்கு ஏற்ப மாற்றுங்கள், உடம்புக்காக வேலையை நிறுத்தாதீர்கள்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் படி உயரம். காலை நெரிசல் நேரம் வேண்டாம். முதல் இரண்டு முறை நீங்கள் கூடப் போங்கள், பிறகு அதே தெருவிலிருந்து போகும் இன்னொரு அம்மாவோடு சேர்த்துவிடுங்கள். துணை இருந்தால் போவது நிற்காது. முதியோர் கூடும் இடங்களில் காந்தப் படுக்கை, சர்க்கரையை அடியோடு போக்கும் பொடி விற்பவர்கள் வருவார்கள், வீட்டில் கேட்காமல் எதுவும் வாங்குவதில்லை என்று அவரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: மாதம் ஒரு முறை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்புங்கள், இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும். மாத்திரை, துணை இரண்டும் உறுதியாக இருந்தால் போதும். நாற்பது வருடப் பழக்கத்துக்கு ஈடான வகுப்பு எந்த ஊரிலும் இல்லை.

வேறு வாசகர்களுக்காகவும் சில. மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்துப் பக்கம் இருப்பவர்களுக்குக் குளத்தை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர், உட்கார்ந்து எழுந்து நடக்கலாம். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த ‘அன்புச்சோலை’ பகல்நேர முதியோர் மையங்களைப் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

எட்டு வாரம் கழித்துத் தூக்கம், சாப்பாடு, தானாக முன்வந்து பேசுவது மூன்றும் முன்னேறியிருக்கிறதா என்று பாருங்கள். காதும் மனமும் சரியான பிறகும், பழகிய தெருவில் வழி தவறினாலோ, சில்லறைக் கணக்கில் தடுமாறினாலோ, அடுப்பை அணைக்க மறப்பது தொடர்ந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசி ஆறு மாத ரத்தப் பரிசோதனைத் தாள்களையும், மாற்றம் எந்த மாதம் எப்படித் தொடங்கியது என்று தேதி போட்டு எழுதிய ஒரு தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.