எந்த டெலஸ்கோப் வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

ஸ்கூல் லீவு நெருங்குது போல, இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல டெலஸ்கோப் பத்திதான். அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

செங்காங்கிலிருந்து ஒரு அம்மா: வணக்கம் சார். மகன் உயர்நிலை ஒன்னு படிக்கிறான், டெலஸ்கோப் வேணும்னு நச்சரிச்சுட்டே இருக்கான். கடையில 60 மில்லிமீட்டர் ஒன்னு பார்த்தோம், 675 மடங்கு பெருசா காட்டும்னு டப்பாவுல போட்டிருக்கு, விலையும் கம்மி. பக்கத்துலயே 80, 90 எல்லாம் 300, 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொல்றாங்க, ஆனா அதுல மடங்கு கம்மியா போட்டிருக்கு. எங்க வீடு 11ஆவது மாடி, காரிடார் கிழக்கு பாத்த மாதிரி. எதை வாங்கறது?

அந்த 675ஐ மொதல்ல மறந்துடுங்கம்மா. அது எங்கேர்ந்து வருதுன்னா, குழாயோட ஃபோக்கல் லெங்த், அதாவது முன் லென்ஸ்லேர்ந்து வெளிச்சம் குவியற இடம் வரைக்கும் உள்ள தூரம், 900 மில்லிமீட்டர், கூட 4 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண்ணு வெச்சுப் பாக்கற குட்டி லென்ஸ்) ஒன்னு குடுப்பாங்க, 900ஐ 4ஆல வகுத்தா 225, அது மேல படத்தை இன்னும் மூணு மடங்கு பெருசாக்கற பார்லோ லென்ஸ் சொருகினா 675. கணக்கு என்னமோ சரிதான், ஆனா 60 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குற வெளிச்சத்துக்கு 120 மடங்கு தாண்டினா படம் ஊதுமே தவிர புதுசா ஒன்னும் தெரியாது. லென்ஸோட விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதுக்கு ரெண்டு பங்குதான் உச்சம்னு வெச்சுக்குங்க, 80க்கு 160. அதுவும் எப்பவாவதுதான், பெரும்பாலான நாள் 36 மடங்குலயும் 90 மடங்குலயும்தான் பாப்பீங்க, 900 குழாய்க்கு 25 ஐபீஸும் 10 ஐபீஸும் போட்டா வர்றது அவ்ளோதான். டப்பாவுல மடங்கை இவ்ளோ பெருசா போடுறவங்க கிட்ட நான் எதையும் வாங்க மாட்டேன்.

என் கையில காசு குடுத்தா 80/900 இல்லேன்னா 90/900 ரிஃப்ராக்டர்தான் (முன்னாடி லென்ஸ் வெச்ச டெலஸ்கோப்) எடுப்பேன், மொத எண் லென்ஸ் விட்டம், ரெண்டாவது ஃபோக்கல் லெங்த். நம்ம ஊர் வானத்துக்கு அது போதும். 2016ல வந்த உலக ஒளி மாசு வரைபடத்துல சிங்கப்பூர்தான் மோசம், இங்க ராத்திரி வானம் இருக்கற வெளிச்சத்துக்கு கண்ணு இருட்டுக்கு முழுசா பழகறதே இல்ல. அதனால கேலக்ஸி, மங்கலான நெபுலா இதெல்லாம் புளோக் நடுவுல நின்னு தேடி மனசு உடையக்கூடாது, பெரிய லென்ஸ் வாங்கினாலும் அந்தக் கதை பெருசா மாறாது. ஆனா நிலா, வியாழன், சனி, ரெட்டை நட்சத்திரம் இதுக்கெல்லாம் தெரு லைட் ஒரு பொருட்டே இல்ல, அதோட பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கறதால மேல காத்து பல நாள் நிதானமா இருக்கும், மேகம் வழிவிட்டா வியாழனோட ரெண்டு பட்டையும் கலிலியோ 1610ல பார்த்த நாலு நிலாவும் சும்மா கணீர்னு தெரியும்.

இப்ப முக்கியமான சமாச்சாரத்துக்கு வரேன், ஸ்டாண்டு. எல்லாரும் குழாயைப் பத்தியே கேக்கறீங்க, ஸ்டாண்டு ஆடினா எவ்ளோ நல்ல லென்ஸும் வேஸ்ட். அதுலயும் கடைக்காரர் ஈக்வட்டோரியல் மவுண்ட், அதாவது வானம் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி சாய்ஞ்ச அச்சுல திரும்பற ஸ்டாண்டு, நல்லதுன்னு தள்ளப் பாப்பார், வெயிட்டு தொங்கும், வளைஞ்சு நெளிஞ்சு பாக்கவே பெரிய விஞ்ஞானி வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். வேண்டாம். அந்த மவுண்டோட அச்சை துருவ நட்சத்திரத்தைப் பாத்து நிறுத்தணும், நம்ம ஊரு இருக்கறது வடக்க 1.35 டிகிரியில, அப்படின்னா துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி ஒன்னு ரெண்டு டிகிரி உயரத்துல கிடக்கும், முன்னாடி ஒரு புளோக் இல்லாட்டியும் புகையிலயும் மேகத்துலயும் அதைப் பார்த்தவங்க இங்க யாரு? அச்சை ஏறக்குறைய படுக்க வெக்கணும், அப்படி வெச்சா நிறைய சின்ன மவுண்டுல அந்த வெயிட்டுக் கம்பி டிரைபாட் கால்ல போய் இடிக்கும். ஐரோப்பாவுல, அமெரிக்காவுல இருக்கறவங்க சொல்ற ஆலோசனையை வீடியோ பாத்து அப்படியே இங்க இறக்கினா இதுதான் கதி. மேல கீழ, இடது வலதுன்னு சாதாரணமா திரும்புற ஆல்ட்-அஸிமத் மவுண்ட் கேளுங்க, ஸ்டாண்டோட ஒரே ஒரு கை பக்கவாட்டுல குழாயைப் பிடிக்கற மாதிரி, மெதுவா திருப்ப ரெண்டு குமிழ் இருக்கணும். குமிழ் எதுக்குன்னா, 100 மடங்குல வெச்சீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல கிரகம் வட்டத்தை விட்டு ஓடிரும், கையால தள்ளித் தள்ளிப் பிடிச்சா பையனுக்கு அழுகை வந்துரும்.

கவட்டை மாதிரி ரெண்டு கை நடுவுல குழாயை மாட்டி ஓரத்துல ஒரு கம்பி குடுத்திருப்பாங்களே, மலிவு செட்டுல வரும், அது உச்சிக்குப் போகாது, பாதியிலயே முட்டிக்கும். இங்க கிரகமெல்லாம் தலைக்கு மேலயோ அதுக்குக் கிட்டவோதான் போகும், லண்டன் மாதிரி அடிவானத்துல தவழாது, அதனால உச்சியைப் பாக்க முடியாத ஸ்டாண்டு நமக்கு ஆகாது. இன்னொன்னு, ஐபீஸ் சொருகற வளைவு பீஸ் 45 டிகிரியா 90 டிகிரியான்னு பாருங்க. 45 குடுத்திருந்தா அது குருவி, கப்பல் பாக்கறதுக்கு, தலைக்கு மேல பாத்தா கழுத்து சுளுக்கிக்கும், தனியா ஒரு 90 டிகிரி ஸ்டார் டயகனல் வாங்கிக்குங்க. நீளக் குழாயில உச்சியைப் பாக்கறப்ப ஐபீஸ் தரைக்குப் பக்கத்துல வந்துரும், ஒரு குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்படும், அதை இப்பவே பட்ஜெட்ல சேர்த்துக்குங்க.

காரிடார் கிழக்குன்னு சொன்னீங்க, நல்லது. நிலாவும் கிரகமும் எழும்பி வர்றப்ப தெரியும், கொஞ்ச நேரத்துல மேல்மாடி கூரை மறைச்சிடும். அதோட எதிர் புளோக் ஏர்கான் கம்ப்ரஸர் மேலாகப் பாத்தா சூட்டுல படம் கொதிக்கிற தண்ணி மாதிரி ஆடும், அது டெலஸ்கோப் குத்தம் இல்ல. முடிஞ்சப்ப கீழ ஃபீல்டுக்கோ மல்டிஸ்டோரி கார்பார்க் மேல் தளத்துக்கோ தூக்கிட்டுப் போங்க, லிஃப்ட்ல ஒரு கையில குழாய், ஒரு கையில ஸ்டாண்டுன்னு போற அளவு எடைதான் நம்ம லிமிட். காரிடார்ல வெச்சா குழாயை எப்பவும் வானத்தைப் பாத்த மாதிரியே வைங்க, எதிர் வீட்டு ஜன்னலைப் பாக்கறோம்னு யாராவது நினைச்சா வீண் பஞ்சாயத்து.

பையனுக்கு மொதல் வாரம் முழு நிலாவைக் காட்டாதீங்க, பாதி நிலாவைக் காட்டுங்க, வெளிச்சமும் நிழலும் சேர்ற கோட்டுல பள்ளமெல்லாம் அப்பதான் எடுப்பா தெரியும். ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் ராத்திரி வடக்க சப்தரிஷி மண்டலம் வரும், கல்யாணத்துல அருந்ததி பாக்கறோமே, பாதிப் பேர் மண்டபக் கூரையைப் பாத்து தலையாட்டிட்டு வந்துருவோம், அருந்ததிக்குப் பக்கத்துல இருக்கற அந்த வசிஷ்டர் நட்சத்திரத்தை 40, 50 மடங்குல பாத்தா அவரே ரெண்டா இருப்பார். அருந்ததி தள்ளித் தனியா இருக்கும், அதைச் சொல்லல, வசிஷ்டர் மட்டுமே ரெட்டை. அதே மாசங்கள்ல தெக்க திரும்பினா தென் சிலுவைக்குப் பக்கத்துல ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரம், அதுவும் ரெண்டா பிரியும், அது லண்டன்காரனுக்குக் கிடைக்காத காட்சி.

தெம்பனிஸ் வாசகர்: அண்ணே, அக்ரோமேட், ஈடி, அப்போன்னு போட்டுக் குழப்பறாங்க. 80 ஈடி குழாய் மட்டுமே சாதா குழாயை விட பல மடங்கு விலை. அவ்ளோ குடுக்கலாமா?

கண்ணாடி வழியா போற வெளிச்சத்துல ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு இடத்துல குவியும், அதனால பிரகாசமான பொருளைச் சுத்தி ஊதா கலர்ல ஒரு ஓரம் தெரியும். 17ஆம் நூற்றாண்டுல இதுக்கு வழி தெரியாம குழாயை நீட்டிக்கிட்டே போனாங்க, ஹெவிலியஸ்னு ஒருத்தர் 150 அடியில ஒன்னு கட்டினார். அப்புறம் ரெண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து லென்ஸ் பண்ணி ஜான் டோலண்ட் 1758ல பேட்டன்ட் வாங்கினார், அதுதான் உங்க அக்ரோமேட். ஈடின்னா அதுல ஒரு கண்ணாடி கலரைக் கம்மியா சிதறடிக்கற ரகம், அப்போன்னா (அப்போக்ரோமேட்) கலர் ஓரம் ஏறக்குறைய தெரியாத லென்ஸ்.

தம்பி, நீளக் குழாயா இருந்தா அக்ரோமேட்டே போதும். 80/900ல எஃப் எண், அதாவது ஃபோக்கல் லெங்த்தை விட்டத்தால வகுத்தா வர்றது, 11 கிட்ட வருது, ஊதா ஓரம் தேடினாத்தான் தெரியும். அதே 80ஐ 400ல வாங்கினா எஃப் 5, வெள்ளியும் வியாழனும் ஊதா பூசிக்கும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை 16 மடங்குல பாக்க அருமை, கிரகத்துக்கு சுமார்தான். ஈடியை யார் வாங்கலாம்னா படம் எடுக்கப் போறவங்க, இல்ல மலேசியாவுல மெர்சிங் பக்கம் இருட்டைத் தேடி வண்டி எடுத்துட்டுப் போறவங்க, குழாய் குட்டையா இருக்கறதால உச்சி பாக்கவும் சுகம். படம் எடுக்காம டெலஸ்கோப்ல கண்ணு வெச்சுப் பாக்கறதுக்கு மட்டும்னா அந்தக் காசுல பாதியை நல்ல ஸ்டாண்டுலயும் ஒரு நல்ல 6 மில்லிமீட்டர் ஐபீஸ்லயும் போடுங்க, மீதியை வீட்டுல குடுங்க.

புக்கிட் பாத்தோக் வாசகி: பழைய டெலஸ்கோப் ஒன்னு கேரோசெல்ல (பழைய சாமான் விக்கற ஆப்) பாத்திருக்கேன். லென்ஸ்ல பூஞ்சை வரும்னு பயமுறுத்தறாங்க, உண்மையா?

உண்மைதான், இங்க சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல. வாங்கறதுக்கு முன்னாடி ஃபோன் டார்ச்சை முன் லென்ஸ் வழியா அடிச்சுப் பாருங்க, சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையா ஏதாவது தெரிஞ்சா பேரம் பேசாம கிளம்பிடுங்க. தூசி நாலு புள்ளி இருந்தா பரவாயில்ல. ஐபீஸ் சொருகற ஓட்டை 31.7 மில்லிமீட்டர் இருக்கான்னு ஸ்கேல் வெச்சு அளங்க, ரொம்பப் பழைய செட்டுல 24.5 இருக்கும், அதுக்கு இப்ப ஐபீஸ் தேடி அலையணும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐபீஸ், டயகனல் எல்லாம் காத்துப் புகாத டப்பாவுல சிலிகா ஜெல்லோட போட்டுடலாம், கேமரா டிரை கேபினட் இருந்தா 40, 50 சதவீதத்துல வைங்க. குழாய் அதுக்குள்ள போகாது, ரெண்டு பக்கமும் மூடி போட்டு சிலிகா ஜெல் பையோட பெரிய பிளாஸ்டிக் உறையில கட்டி வைங்க. ஏர்கான் ரூம்ல வெச்சுட்டு நேரா வெளிய எடுத்தீங்கன்னா மூக்குக் கண்ணாடி மாதிரி லென்ஸும் வேர்த்துரும், அப்ப தயவு செஞ்சு முந்தானையால துடைக்காதீங்க, மூடியைப் போட்டு கொஞ்ச நேரம் விட்டா அதுவே சரியாகும். முன் லென்ஸைக் கழட்டவே கூடாது, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி மாறிட்டா அவ்ளோதான்.

ஈசூன் வாசகர்: மாமியார் சனியை டெலஸ்கோப்ல பாக்கக்கூடாதுங்கறாங்க.

சனி நம்மளைப் பாத்தாதானே வம்பு, நாம சனியைப் பாக்கறதுக்கு எந்தப் பஞ்சாங்கத்துலயும் தடை இல்ல. 2025 மார்ச்சுல வளையம் நமக்குப் பக்கவாட்டா திரும்பி கோடு மாதிரி ஆச்சு, 15 வருஷத்துக்கு ஒரு தரம் அப்படி ஆகும், அதுக்கப்புறம் சில வருஷம் விரிஞ்சுட்டே வரும். 80 மில்லிமீட்டர்ல பக்கத்துல டைட்டன் நிலாவும் புள்ளியா தெரியும். மொதல்ல மாமியாரைப் பாக்கச் சொல்லுங்க.

ஜூரோங் வாசகர்: செட்டோட சூரியன் ஃபில்டர்னு ஒரு குட்டிக் கருப்புக் கண்ணாடி வந்திருக்கு, ஐபீஸ்ல திருகறது. பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. குழாய் குவிச்ச மொத்த சூடும் அந்தக் கண்ணாடியிலதான் விழும், விரிசல் விட்டா அந்த நொடியே கண்ணு போயிரும். சூரியனைப் பாக்கணும்னா குழாயோட முன்பக்கத்தை முழுசா மூடற ஃபில்டர்தான், வெளிச்சத்துல லட்சத்துல ஒரு பங்கை மட்டும் விடற பாடர் ஃபிலிம் மாதிரி, காத்துல கழண்டு விழாத மாதிரி டேப் போட்டு, பக்கத்துல குறி பாக்கறதுக்கு இருக்கற குட்டி ஃபைண்டரையும் மூடிட்டு, பிள்ளைங்க பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் நின்னு. அந்தக் குட்டிக் கருப்புக் கண்ணாடியை யாருக்கும் குடுத்துடாம உடைச்சு, பேப்பர்ல சுத்தி, இன்னிக்கே குப்பையில போடுங்க.